தாய்ப்பலகை மின்சீராக்கியின் நீர்க்குளிர்விப்பு

மின்சீராக்கி நீர்க்குளிர்விப்பு என்பது, கணினியின் தாய்ப்பலகையில் செயலிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் உறுப்புகளின் வெப்பத்தை நீரோட்டத்தால் அகற்றும் முறையாகும். குறித்த வேகத்துக்கு மேல் செயலியை இயக்கும் ஓவர்கிளாக்கிங்கில் இது பயன்படுகிறது.

வெப்பம் உண்டாகும் விதம்

மின்வழங்கி தரும் 12 வோல்ட்டை, மாஸ்பெட் எனப்படும் திரிதடையங்களும் மின்தூண்டிகளும் மின்தேக்கிகளும் சேர்ந்து ஏறத்தாழ 1.25 வோல்ட்டாகக் குறைக்கின்றன. செயலி 200 வாட் எடுத்தால் மின்னோட்டம் 200 ÷ 1.25 = 160 ஆம்பியர். பயனுறுதிறன் 90 சதவீதம் எனக் கொண்டால், சுமார் 22 வாட் மின்சீராக்கியிலேயே வெப்பமாகிறது. செயலியின் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ 21 சதவீதம் கூடும்.

தேவை

செயலியின் மேலுள்ள விசிறியின் காற்று அருகிலுள்ள மாஸ்பெட்டுகள் மீதும் படும். செயலிக்கு மட்டும் நீர்க்குளிர்விப்பு பொருத்தினால் அந்தக் காற்று நின்றுவிடும். செயலி குளிர்ந்திருக்கும், மாஸ்பெட்டுகளோ சூடேறும். வெப்பம் எல்லை மீறினால் செயலியின் வேகம் தானாகக் குறைக்கப்படும். மின்தேக்கிகளின் ஆயுளும் குறையும்.

அமைப்பு

மாஸ்பெட்டுகளின் மேல் வெப்பம் கடத்தும் மெத்தையை வைத்து, அதன்மேல் நீர் ஓடும் செம்புக் கட்டியைப் பொருத்துவர். செயலியையும் மாஸ்பெட்டுகளையும் ஒருசேர மூடும் கட்டி மோனோபிளாக் எனப்படும்.

கவனிக்க வேண்டியவை

• செம்பும் அலுமினியமும் ஒரே நீர்ச்சுற்றில் இருந்தால் அரிப்பு ஏற்படும்.
• கணினிக்கு மின்சாரம் தருமுன், நீரேற்றியை மட்டும் இயக்கிக் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
• மிதமான ஓவர்கிளாக்கிங்குக்கு, மாஸ்பெட்டுகளை நோக்கிய சிறு விசிறியே பெரும்பாலும் போதுமானது.