ஒளிரும் வாகன இலச்சினை: நாமே பொருத்தும் முன் அறிய வேண்டியவை

வாகனத்தின் முன்பக்க கிரிலில் இரவில் ஒளிரும் எம்பளம் பொருத்துவது இப்போது எமது வியாபாரிகள் மத்தியிலும் பரவி வருகிறது. பொகவந்தலாவையில் உதிரிப்பாகம் விற்கும் என்னிடம் வருபவர்கள், "இதை நாங்களே பூட்டலாமா, பாஸுக்குக் கொண்டு போக வேண்டுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் ஆரம்பித்தது. அந்த ஐந்து வருடங்களில் கையில் இருந்த வாகனத்தையே புதிதுபோல் காட்டும் பழக்கம் வளர்ந்தது.

கேள்விக்கு எனது பதில்: பூட்டலாம். வேலை ஒரு மணித்தியாலம்தான். ஆனால் தேயிலைத்தூளும் மரக்கறியும் சில்லறைச் சாமானும் ஏற்றும் வாகனம் எமது வியாபாரத்தின் கால். ஒரு சிறிய வயர் எரிந்தால் கடையும் சேர்ந்து நின்றுவிடும். எனவே மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறோம், எம்பளத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யாரிடம் அறிவிக்க வேண்டும் ஆகிய மூன்றையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் எம்பளத்தைப் பாருங்கள்

இன்றைய ஜப்பான் வாகனங்கள் பலவற்றில், முன்னால் போகும் வாகனத்தை உணர்ந்து தானாக பிரேக் பிடிக்கும் ரேடார் கருவி எம்பளத்துக்குப் பின்னால் இருக்கிறது. டொயோட்டா பிரியஸின் நான்காம் தலைமுறை, சி-எச்ஆர் போன்றவை இதற்கு உதாரணம். எம்பளம் புடைப்பாக இல்லாமல் கண்ணாடி மூடியதுபோல் வழுவழுப்பாகத் தட்டையாக இருந்தால், பின்னால் ரேடார் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் உலோகப் பூச்சும் வயரும் உள்ள வேறொன்றை ஒட்டினால் ரேடாரின் பார்வை மறையும். அப்படியான வாகனத்தில் கை வைக்காமல் விடுவதே நல்லது.

மேர்சிடஸ் பென்ஸ் நிறுவனமே ஒளிரும் நட்சத்திரத்தை மேலதிகப் பாகமாக விற்கிறது. அப்படிப் பொருத்திய நட்சத்திரம் பவர் ஸ்டியரிங்கைப் பாதிக்கலாம் என்று அமெரிக்காவில் வாகனங்களைத் திருப்பி அழைத்துச் சரிசெய்ய வேண்டியும் வந்தது. தயாரித்தவர்களுக்கே இப்படி என்றால், பெயர் தெரியாத மலிவுப் பொருளில் நாம் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும்.

12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

கார், வேன், டிமோ பட்டா போன்றவை 12 வோல்ட். இசுசு எல்ஃப், கென்டர் போன்ற லொறிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் எம்பளத்தை 24 வோல்ட் லொறியில் நேராகக் கொடுத்தால் எல்ஈடி கருகும், சில வேளை வயரும் உருகும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அடுத்தது கணக்கு. 3 வோட் எம்பளம் ஒன்று 12 வோல்ட்டில் கால் அம்பியர் இழுக்கும். இது மிகச் சிறியதுதான். ஆனால் சாவியை எடுத்த பின்னும் எரியும்படி பற்றரியில் நேராகக் கொடுத்துவிட்டால், ஒரு நாளுக்கு 6 அம்பியர் மணி போகும். 35 அம்பியர் மணி பற்றரியில் மூன்று நாளில் பாதிக்கு மேல் காலி. மலைநாட்டுக் குளிரில், விடிய நான்கு மணிக்குச் சந்தைக்குப் புறப்படும்போது என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. எனவே பார்க்கிங் லைட் எரியும்போது மட்டும் எரியும்படி கொடுப்பதே சரி.

பூட்டும் முறை

1. பற்றரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். ஹைபிரிட் வாகனத்தில் செம்மஞ்சள் நிற வயர் உயர் மின்னழுத்தம் கொண்டது. அதன் பக்கமே போக வேண்டாம்.

2. பழைய எம்பளம் கிளிப்பில் இருந்தால் கிரிலின் பின்பக்கமாகக் கழற்றலாம். ஒட்டியிருந்தால் ஹெயார் டிரையரால் சூடாக்கி, தங்கூசி நூலைப் பின்னால் விட்டு அறுத்தெடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். மீதிப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள்.

3. பொசிடிவ் வயரை பியூஸ் பெட்டியில் பார்க்கிங் லைட் பியூஸிலிருந்து பியூஸ் டெப் மூலம் எடுங்கள். அதற்குத் தனியாக 2 அம்பியர் பியூஸ் போடுங்கள். ஹெட்லைட் வயரை வெட்டி முறுக்கி எடுப்பது கூடாது.

4. எர்த் வயரை பொடியின் போல்ட் ஒன்றில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள்.

5. இணைப்புகளை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். வெறும் டேப் எங்கள் மழைக்கும் பனிக்கும் நிற்காது. வயரை நெளிகுழாய்க்குள் விட்டு, ரேடியேட்டர் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தூரமாகக் கட்டுங்கள். எம்பளத்துக்கு வரும் முன் வயர் கீழே வளைந்து மேலேறும்படி விட்டால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

6. பற்றரியை இணைத்து அரை மணித்தியாலம் எரியவிட்டு, வயரையும் பியூஸையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ தவறு. உடனே கழற்றுங்கள்.

நிறமும் சட்டமும்

2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களை அகற்ற பொலிஸார் இறங்கியதும், தனியார் பஸ் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் நினைவிருக்கும். ஆகவே சிவப்பு, நீலம், மின்னி மின்னி எரிவது ஆகிய எதையும் வாங்க வேண்டாம். மங்கலான வெள்ளை போதும். அதற்கும் முன், அனுமதி உண்டா என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலோ பொலிஸ் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.

சட்டத்தை விட்டாலும் எங்கள் பாதைக்கே ஒரு காரணம் இருக்கிறது. நோர்வூட் பக்கமோ பலாங்கொடைப் பக்கமோ பனிமூட்டத்தில் வளைவு திரும்பும்போது, எதிரே வருபவர் எமது இரண்டு ஹெட்லைட்டையும் வைத்தே வாகனத்தின் அகலத்தைக் கணிக்கிறார். ஒரு ஹெட்லைட் எரியாமல், நடுவில் பளிச்சென்று எம்பளம் எரிந்தால் அகலத்தைப் பாதியாக நினைத்துவிடுவார். எம்பளம் வாங்கும் காசில் முதலில் பழுதான ஹெட்லைட்டை மாற்றுங்கள்.

மறைக்க வேண்டாம்

காப்புறுதியோ தகாபுலோ, அதன் அடித்தளம் உண்மையை முழுமையாகச் சொல்வது. மின் அமைப்பில் செய்த மாற்றத்தை அறிவிக்காமல் விட்டால், தீப்பிடித்த பின் நட்டஈடு கேட்கும்போது தகராறு வரலாம். எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வாகனத்தை விற்கும்போதும் அப்படியே. ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் எமக்குத் தெரியும். பொனட்டுக்குள் டேப் சுற்றி மறைத்த வயரும் அந்த ஈரத்தைப் போன்றதே. எங்கே இணைத்தோம், எத்தனை அம்பியர் பியூஸ் என்று ஒரு துண்டில் எழுதி வாகனப் புத்தகத்தோடு வையுங்கள். நாளை பார்க்கும் பாஸுக்கும் வாங்குபவருக்கும் அது உதவும்.

இத்தனைக்கும் பிறகு இது தேவையா என்று ஒருவர் யோசித்து, அந்தப் பணத்தை பிரேக் பேடுக்கோ டயருக்கோ ஒதுக்கினால், பொருளை விற்பவனாகிய நானும் அதைத்தான் நல்ல வியாபாரம் என்பேன்.