உங்களுக்குத் தெரியுமா? விண்ணில் ஊர் கட்டும் மாணவர்கள்

● விண்வெளியில் பத்தாயிரம் பேர் வாழ ஓர் ஊர் வேண்டும். வரைபடமும் கணக்கும் தயார் செய்து அனுப்புங்கள். பள்ளி மாணவர்களிடம் இப்படிக் கேட்கும் போட்டிகள் உண்மையிலேயே நடக்கின்றன. கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் 1994இல் இதை ஆண்டுப் போட்டியாகத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் எந்த நாட்டு மாணவரும் கலந்துகொள்ளலாம். இப்போது அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கம் இதை ஜெரார்ட் ஓநீல் பெயரில் நடத்திவருகிறது.

● யார் இந்த ஓநீல்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர். துகள் இயற்பியலில் சேமிப்பு வளையம் என்ற கருவிக்கு வித்திட்டவர்களில் ஒருவர். 1969இல் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தபோது, வகுப்பில் சிறந்து விளங்கிய சிலரைத் தனியே கூட்டி ஒரு கேள்வி கேட்டார். மனிதகுலம் பெருகிக்கொண்டே போகிறது, தொழில்நுட்பமும் வளர்கிறது. அதற்கு ஒரு கோளின் தரைதான் ஏற்ற இடமா? சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இல்லை, விண்வெளியில் சுழலும் பெருங்கலன்களே மேல் என்று விடை வந்தது. ஆசிரியருக்கே அது வியப்பு. அதைக் கட்டுரையாக எழுதி இதழ்களுக்கு அனுப்பினார். நான்கைந்து ஆண்டுகள் திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் 1974 செப்டம்பரில் ‘ஃபிசிக்ஸ் டுடே’ வெளியிட்டது. இன்றைய பள்ளிப் போட்டிகளுக்கெல்லாம் வேர் ஒரு வகுப்பறைதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

● ஓநீல் 1992இல் ரத்தப் புற்றுநோயால் மறைந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, அவருடைய அஸ்தியில் ஒரு சிறு பகுதி பெகாசஸ் ராக்கெட்டில் ஏறிப் புவியைச் சுற்றியது.

● 1975 கோடையில் நாசா ஏம்ஸும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் பத்து வாரம் ஆய்வாளர்களைக் கூட்டி வைத்து ஒரு வடிவத்தை உருவாக்கின. ஸ்டான்ஃபோர்டு வளையம் என்று பெயர். சைக்கிள் டியூப் போன்ற உருவம். குறுக்களவு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர், டியூபின் உட்புற அகலம் 130 மீட்டர். குடிமக்கள் பத்தாயிரம். மொத்த எடை சுமார் ஒரு கோடி டன். இதில் பெரும்பகுதி வீடோ இயந்திரமோ அல்ல, கதிர்வீச்சைத் தடுக்கச் சுற்றிலும் வைக்கும் நிலாமண். புவியில் நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து டன் காற்று குடை பிடிக்கிறது. அங்கே அந்தக் குடையையும் நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். போட்டிக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் மறப்பது இதைத்தான்.

● அந்த மண்ணை ராக்கெட்டில் ஏற்றினால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே நிலாவிலிருந்து மின்காந்த விசையால் சுண்டிவிடும் கருவி ஒன்றை ஓநீல் முன்வைத்தார். அதன் முதல் மாதிரியை 1976-77இல் எம்.ஐ.டி.யில் ஹென்றி கோல்முடன் சேர்ந்து அவர் செய்தபோது, அதற்குக் கைகொடுத்தவர்களும் மாணவர்கள்தான்.

● விண்வெளியில் எடை எப்படி வரும்? ஊரையே சுழற்ற வேண்டும். இதற்கு வேண்டிய சூத்திரம் பிளஸ் ஒன் இயற்பியலில் இருக்கிறது: ஆரத்தைக் கோண வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் முடுக்கம். புவியின் ஈர்ப்புக்குச் சமமாக வேண்டும் என்றால், நிமிடத்துக்கு ஒரு முறை சுழலும் ஊரின் ஆரம் ஏறக்குறைய 895 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு முறை சுழன்றால் 224 மீட்டர் போதும். நான்கு முறை என்றால் வெறும் 56 மீட்டர். அப்படியானால் வேகமாகச் சுழற்றிச் சின்னதாகக் கட்டிவிடலாமே? அங்கேதான் உடம்பு மறுக்கிறது. வேகம் கூடக்கூட, தலையைத் திருப்பினாலே உள்காது குழம்பிக் குமட்டும். கையிலிருந்து நழுவிய பந்து நேரே கீழே விழாமல் விலகி விழும். எத்தனை சுழற்சி வரை மனிதர் பழகிக்கொள்வார்கள் என்பது இன்றும் ஆய்வாளர்கள் வாதாடும் கேள்வி. போட்டிக்கு எழுதும் மாணவரும் தம் எண்ணைச் சொல்லி அதற்குக் காரணம் காட்டியாக வேண்டும். பாடப்புத்தகத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்த சூத்திரம், ஆயிரக்கணக்கானோரின் நலனைத் தீர்மானிப்பதாக மாறும் இந்த இடம்தான் இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது.

● ஏம்ஸ் போட்டியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆல் குளோபஸ், நிதின் அரோரா, அங்குர் பஜோரியா ஆகியோர் உள்ளிட்ட குழுவுடன் சேர்ந்து வடிவமைத்த ஊரின் பெயர் கல்பனா ஒன்று. 2003இல் கொலம்பியா விண்ணோடத்தில் உயிரிழந்த கல்பனா சாவ்லாவின் நினைவாக வைத்த பெயர். உருளை வடிவம், 250 மீட்டர் ஆரம், 325 மீட்டர் நீளம், மூவாயிரம் பேர், நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு சுழற்சி.

ஏன் 325 மீட்டரோடு நிறுத்தினார்கள்? இன்னும் நீட்டினால் நிறையப் பேர் வாழலாமே? விடை 1958இல் கிடைத்தது. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1 ஒல்லியான நீண்ட குழாய். அதன் நீளவாட்டு அச்சில் சுழலவிட்டு அனுப்பினார்கள். அது கொஞ்ச நேரத்திலேயே புரண்டு, குறுக்குவாட்டில் குட்டிக்கரணம் போடத் தொடங்கிவிட்டது. துவளும் ஆன்டெனாக்கள் சிறிது சிறிதாக ஆற்றலைத் தின்றுவிட்டன. ஆற்றல் குறைந்தால் சுழலும் எந்தப் பொருளும் நிலைமத் திருப்புத்திறன் அதிகமுள்ள அச்சுக்கே போய்ச் சேரும். மக்கள் நடமாடி, தண்ணீர் அலம்பும் ஓர் ஊருக்கும் இதே கதிதான். அதனால் உருளையின் நீளம் ஆரத்தைப் போல 1.3 மடங்கைத் தாண்டக்கூடாது என்று கல்பனா ஒன்று குழு கணக்கிட்டது. ஓநீல் அன்று முன்வைத்த நீண்ட உருளை வடிவ ஊர்களை அழகாக வரைந்து அனுப்பும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓநீல் இரண்டு உருளைகளை எதிரெதிர்த் திசையில் சுழலும்படி பிணைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே.

● ஏம்ஸ் தொடங்கிய போட்டிக்கு வீட்டிலிருந்தே எழுதி அனுப்பலாம். இன்னொரு போட்டி நேருக்கு நேர் நடப்பது: சர்வதேச விண்குடியிருப்பு வடிவமைப்புப் போட்டி. விண்ணோடத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் அனிதா கேல், தம் கணவர் டிக் எட்வர்ட்ஸ் முதலானோருடன் 1980களில் தொடங்கியது. இங்கே மாணவர்கள் தனி ஆளாக வருவதில்லை. வெவ்வேறு நாட்டுப் பள்ளி அணிகளை ஒன்றுசேர்த்து ஒரு கற்பனை நிறுவனமாக்குவார்கள். ‘ஃபவுண்டேஷன் சொசைட்டி’ என்ற கற்பனை அமைப்பு டெண்டர் விடும்: இத்தனை பேர், இந்த இடம், இன்னின்ன தேவை. ஒரு வார இறுதிக்குள் கட்டமைப்பு, இயக்கம், மனித நலன், தானியங்கி என்று துறை பிரித்து, தலைவரைத் தேர்ந்தெடுத்து, செலவுக் கணக்கு உட்படத் திட்டம் தயாரித்து நடுவர்கள் முன் நிற்க வேண்டும். முன்பின் பார்த்திராதவர்களோடு, மொழியும் பழக்கமும் வேறான பிள்ளைகளோடு, தூக்கம் கெட்டு வேலை செய்கிறார்கள். ஆசியப் பிராந்தியச் சுற்று நம் நாட்டிலேயே, டெல்லியை ஒட்டிய குர்காவ்னில் நடந்துவந்திருக்கிறது.

● பூட்டிய ஓர் உலகத்துக்குள் மனிதர் வாழ முடியுமா என்று அரிசோனாவில் பார்த்தார்கள். பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடி மாளிகைக்குள் 1991இல் எட்டுப் பேர் நுழைந்து இரண்டு ஆண்டு இருந்தார்கள். பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிட்டது. வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விட்டன. அதைச் செடிகள் மீண்டும் ஆக்சிஜனாக மாற்றியிருக்க வேண்டும். ஆனால் கான்கிரீட் சுவர்கள் அந்த வாயுவை உறிஞ்சிச் சுண்ணமாக்கிக்கொண்டன. சுவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ‘செடி வளர்ப்போம், காற்று கிடைக்கும்’ என்று ஒரே வரியில் எழுதி முடிக்கும் திட்டங்களுக்கு இது போதுமான பதில்.

● தண்ணீர்? சர்வதேச விண்வெளி நிலையம் 2023இல் 98 விழுக்காடு நீரை மீட்டெடுக்கும் நிலையை எட்டியது. வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாம் இதில் அடக்கம்.

● நிலாவில் ஊர் கட்ட நினைப்பவர்களுக்கு நம் ஊர்ச் செய்திகள் சில உண்டு. நிலாவின் மேட்டுநிலப் பாறை அனார்த்தசைட் வகை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலாமண்ணைப் போலச் செய்து, சந்திரயான் 2க்கான சோதனைகளை நடத்தியது. சந்திரயான் 3 இறங்கிய இடத்தில் மேல்மண் 50 டிகிரி செல்சியஸைத் தொட்டபோது, எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி. வெப்பத்தை அவ்வளவு மோசமாகக் கடத்தும் மண் அது. வீட்டுக்கு மேல் அதையே குவித்து மூடினால் பதினான்கு நாள் பகலையும் பதினான்கு நாள் இரவையும் தாங்கலாம், கதிர்வீச்சும் குறையும்.

செங்கல்லுக்கும் வழி இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020இல் ஒரு முறையை அறிவித்தன. நிலாமண் மாதிரி, யூரியா, ஒரு பாக்டீரியா, கொத்தவரை விதைப் பிசின். பாக்டீரியா யூரியாவைக் கொண்டு சுண்ணத்தை உண்டாக்க, பிசின் இறுகப் பிடிக்கிறது. யூரியா குடியிருப்பவர்களின் சிறுநீரிலிருந்தே கிடைக்கும், சூளை தேவையில்லை. நம் பிள்ளைகள் தங்கள் திட்டத்தில் எடுத்தாள இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

● ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஏர்பஸ் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ‘மூன் கேம்ப்’ சவாலில் மாணவர்கள் கணினியிலேயே முப்பரிமாண முகாம் கட்டினார்கள்.

● 1970களில் டான் டேவிஸ், ரிக் கைடிஸ் இருவரும் நாசாவுக்காகத் தீட்டிய ஓவியங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். வளைந்து மேலேறும் நிலம், தலைக்கு மேலே தொங்கும் ஏரியும் வீடும். ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்தின் இறுதியில் வரும் நிலையமும் ‘எலிசியம்’ படத்தின் வளையமும் அந்த வம்சம்தான்.

● இயற்பியல் வராது என்று ஒதுங்க வேண்டாம். ஏம்ஸ் போட்டியில் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் தனிப் பரிசுகள் இருந்தன. அந்த ஊரில் பிறக்கும் குழந்தை எந்தச் சட்டத்தின் கீழ் குடிமகன், யார் வரி வாங்குவது, முதியவர்களை எடை குறைவாக உணரும் அச்சின் அருகே குடியமர்த்தலாமா, கல்லறை எங்கே: இவற்றுக்கும் திட்டத்தில் பக்கங்கள் வேண்டும். தனியாகவோ குழுவாகவோ எழுதலாம். சிறந்த திட்டங்களை எழுதியவர்கள் அமெரிக்காவில் நடக்கும் சர்வதேச விண்வெளி வளர்ச்சி மாநாட்டுக்கு அழைக்கப்படுகிறார்கள். அங்கே இந்தியப் பள்ளிச் சீருடைகளை ஆண்டுதோறும் பார்க்கலாம்.