சாயம் இல்லாமலே வண்ணம்!

திருத்தணிப் பக்கம் அம்மையார்குப்பம் நெசவுக்குப் பேர் போன ஊர். சிவப்புச் சேலைக்குச் சிவப்புச் சாயம், பச்சைக்குப் பச்சைச் சாயம். தறி வீட்டுப் பெண்களுக்கு இது பாலபாடம். "சாயமே இல்லாமல், ஒரே பொருளிலிருந்து நீலமும் பச்சையும் சிவப்பும் வரும்" என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "சும்மா இருங்கம்மா!" என்று சிரிப்பார்கள்.

ஆனால் அது உண்மைதான். 'குவாண்டம் புள்ளி' என்று அதற்குப் பெயர். குறைகடத்திப் பொருளை மிக மிக நுண்ணிய துகளாக ஆக்கியது. எவ்வளவு சிறியது என்கிறீர்களா? நம் தலைமுடியின் தடிமனில் சுமார் 10,000-ல் ஒரு பங்கு!

நிறம் எப்படி மாறுகிறது? வீணையில் தந்தியை அழுத்தி நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுகிறது அல்லவா? அதுபோலத்தான். துகள் சிறுத்தால், உள்ளே அடைபட்ட எலக்ட்ரானின் சக்தி ஏறும். நீல ஒளி வரும். துகள் கொஞ்சம் பெருத்தால் பச்சை. இன்னும் பெருத்தால் சிவப்பு. பொருள் ஒன்றே, அளவுதான் வேறு.

1980-களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் எகிமோவ் இதை வண்ணக் கண்ணாடியில் கண்டார். அமெரிக்காவில் புரூஸ் திரவத்தில் மிதக்கும் துகள்களில் கண்டார். ஒரே அளவாகத் துகள்களைத் தயாரிக்கும் முறையை 1993-ல் பவெண்டி கொடுத்தார். மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் வீட்டுக்கு இது எங்கே வந்தது? கடையில் 'கியூ.எல்.இ.டி.' என்று விற்கும் டி.வி.யில்! திரைக்குப் பின்னால் நீல விளக்கு எரியும். அந்த ஒளியில் ஒரு பகுதியை இந்தத் துகள்கள் வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும். திரையில் பட்டுப்புடவை அசல் போலத் தெரிவது அதனால்தான்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிலவகைத் துகள்களில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும். இதனாலேயே பல தயாரிப்பாளர்கள் இண்டியம் பாஸ்பைடுக்கு மாறிவிட்டார்கள். துகள்கள் திரைக்குள் மூடி இருப்பதால், டி.வி. பார்ப்பதால் இந்த நஞ்சு நம்மிடம் வராது. பயம் வேண்டாம்.

ஆனால் உடைந்த திரையைக் குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். குப்பையோடு போட்டு எரிக்கவும் கூடாது. மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் ஒப்படையுங்கள். புது டி.வி. வாங்கும்போது, "இதில் காட்மியம் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சேலை வாங்கும்போது சாயம் போகுமா என்று கேட்காமலா இருக்கிறோம்?