காலுக்கேற்ற முழங்கால் சப்பாத்து

பொழுது புலருமுன் பெரட்டு முடிந்து, பால்கத்தியும் வாளியுமாக நிரைக்குச் செல்லும் தொழிலாளர்களின் கால்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். சிலர் முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் சப்பாத்து அணிந்திருப்பர். வேறு சிலர் சாதாரணத் துணிச் சப்பாத்தோடு நடப்பர். “ஏன் அம்மா, உங்களுக்கு ரப்பர் சப்பாத்து இல்லையா?” என்று வினவினால், “இருக்கிறது ஐயா. பாதம் நுழைகிறது, கெண்டைக்காலில் ஏறவில்லை. வீட்டில் கிடக்கிறது” என்ற விடை கிடைக்கும்.

வீட்டில் கிடக்கும் சப்பாத்து எவரையும் காப்பதில்லை. கெண்டைக்கால் பருத்திருப்பது குறையுமன்று. சிலருக்கு அது பிறவி அமைப்பு. சிலருக்கு மேடும் பள்ளமும் நடந்து உரமேறிய தசை. சப்பாத்து செய்வோர் பாதத்தின் அளவை வைத்தே மேற்பகுதியின் அகலத்தையும் முடிவு செய்கின்றனர். ஒரே பாத அளவுடைய இருவரின் கெண்டைக்கால்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதே இத்தொல்லையின் காரணம்.

முழங்கால்வரை எதற்கு?

பினாங்கில் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பாம்புக்கடியை ஆராய்ந்த டாக்டர் அலிஸ்டர் ரீட், கடியுண்டவர்களுள் பெரும்பாலோர் பாதத்திலும் காலின் கீழ்ப்பகுதியிலுமே கடிபட்டதைக் கண்டார். இருட்டில் மரம் வெட்டுவோருக்கு இதன் பொருள் விளங்கும். அட்டை, முள், லாலான் புல்லின் கீறல் ஆகியவற்றையும் உயர்ந்த சப்பாத்து தடுக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலின் புண் வழியே உட்புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் இந்நோயை அரசாங்கத்திற்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டியுள்ளது.

அளவெடுக்கும் முறை

வேலை முடிந்து வீடு திரும்பிய பின் அளவெடுங்கள். நெடுநேரம் நின்ற கால், காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பருத்திருக்கும். வேலைக்குரிய காற்சட்டையும் காலுறையும் அணிந்தபடி நின்று, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தைத் தையல் நாடாவால் சுற்றி அளக்க வேண்டும். நாடா இல்லையேல் ஒரு கயிறு போதும். தரையிலிருந்து அவ்விடம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு கால்களையும் அளந்து, பெரிய அளவையே கொள்ளுங்கள்.

அந்த அளவோடு 2 அல்லது 3 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். கால் 42 சென்டிமீட்டர் எனின், சப்பாத்து 44 அல்லது 45 சென்டிமீட்டர் சுற்றளவு உடையதாக இருத்தல் நலம்.

கடையில் பார்க்க வேண்டியவை

கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ செல்லும்போது, அளந்த கயிற்றையும் எடுத்துச் செல்லுங்கள். சப்பாத்தின் மேற்பகுதியைத் தட்டையாக அமுக்கி, நீங்கள் குறித்த உயரத்தில் அதன் அகலத்தை அளந்து இரண்டால் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். 22 சென்டிமீட்டர் அகலமெனின் சுற்றளவு 44.

எந்தப் பொருளால் ஆனது என்றும் கேளுங்கள். இயற்கை ரப்பர் நன்கு நெகிழும், பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக் அவ்வளவு நெகிழாது. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். 1853இல் ஹைரம் ஹட்சின்சன் பிரான்சில் ரப்பர் சப்பாத்துத் தொழிற்சாலை தொடங்கினார். அன்று முதல் இன்றுவரை, மங்கில் சொட்டும் பாலே காலைக் காக்கும் கவசமாகி வருகிறது.

பொருந்தாவிட்டால் என்ன செய்வது?

கெண்டைக்காலுக்காக இரண்டு அளவு பெரிய சப்பாத்து வாங்காதீர்கள். பாதம் உள்ளே வழுக்கும். குதிகால் உராய்ந்து புண்ணாகும். சரிவில் கால் இடறும். பக்கவாட்டில் விரிந்து வாரால் இறுக்கும் வகையையோ, அகன்ற கெண்டைக்காலுக்கென்றே செய்யப்பட்ட வகையையோ கேளுங்கள். அதுவும் இல்லையேல், கெண்டைக்காலின் பருத்த பகுதிக்குக் கீழே முடியும் குட்டையான சப்பாத்தை வாங்கி, அதற்கு மேல் தடித்த துணியாலான காற்கவசம் அணியலாம். சப்பாத்தின் மேற்பகுதியைச் செங்குத்தாகக் கீறிவிடுவது தவறு. அவ்வழியே நீரும் அட்டையும் புகும், வேர்களிலும் சிக்கும்.

வீக்கமா, தசையா?

முன்பு சரியாக இருந்த சப்பாத்து இப்போது இறுகினால் எச்சரிக்கை தேவை. விரலால் அழுத்திய இடம் குழியாகவே நிற்குமாயின் அது வீக்கம். இருதயம், சிறுநீரகம், யானைக்கால் நோய் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், நரம்பில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இறுக்கமான சப்பாத்தை அறவே தவிர்க்க வேண்டும். சிறு சிராய்ப்பும் அவர்களுக்கு ஆறாப் புண்ணாகலாம்.

உரிமையும் கடமையும்

1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அச்சட்டத்தின்படி வழங்கப்படும் பாதுகாப்புப் பொருளுக்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிப்பதைத் தடைசெய்கிறது. கொடுக்கப்பட்டதை அணிவது தொழிலாளியின் கடமை என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆகவே, நிர்வாகம் கொடுத்த சப்பாத்து காலில் ஏறவில்லையெனில், அதை மூலையில் போட்டுவிட்டு மௌனமாய் இராதீர்கள். அளவைத் தாளில் எழுதிக் கிராணியிடமோ தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ கொடுத்து மாற்றித் தருமாறு கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பத்தைத் தாங்கும் காலுக்குப் பொருந்தும் சப்பாத்தைக் கேட்டுப் பெறுவது அறிவுடைமையே.