கியர் எண்ணெய்க்கும் காற்று வேண்டும்

தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலைச்சாலையில் முழுச் சுமையோடு ஏறுகிறீர்களா? தானியங்கி கார் என்றால், என்ஜினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்துவது பெரும்பாலும் எண்ணெய்தான். கடத்தும்போது வீணாகும் ஆற்றல் வெப்பமாகி அந்த எண்ணெயிலேயே தங்குகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எண்ணெய் கருகினால் கியர்பெட்டியும் தேயும்.

பல கார்களில் ரேடியேட்டர் நீரே இந்த எண்ணெயைக் குளிர்விக்கிறது. அந்த நீரே சூடாக இருப்பதால், எண்ணெய் அதன் சூட்டுக்குக் கீழே இறங்காது. நம் ஊர்க் காற்றோ நண்பகலிலும் 32 டிகிரிதான். ஆகவே, அடிக்கடி சுமையோடு மலையேறுவோருக்குக் காற்றால் குளிரும் தனிக் கூலர் உதவும். ஒரே அளவில், குழாய் வகையைவிட அடுக்குத் தகடு வகை அதிக வெப்பத்தை வெளியேற்றும். நெரிசலில் கார் நின்றால் காற்றும் நின்றுவிடும். எனவே ரேடியேட்டர் விசிறி காற்றை இழுக்கும் இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங்குக்கும் கூலர் வேண்டுமா? முதலில் பானட்டைத் திறந்து எண்ணெய்க் கலன் இருக்கிறதா என்று பாருங்கள். மின்மோட்டார் ஸ்டீயரிங் என்றால் பொதுவாக எண்ணெயே இருக்காது, கூலரும் வேண்டாம். எண்ணெய் ஸ்டீயரிங் என்றால், கடைசிவரை திருப்பிப் பிடித்தபடி நிற்காதீர்கள். செலவில்லாத கூலர் அதுதான்!