மாதிரி உலங்கு வானூர்தி: வீழ்ச்சியும் செப்பமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துச் சீனன்குடா விமானத்தளம் அமைந்துள்ளது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காகிய தளம் அதுவே. 1944ஆம் ஆண்டில் இத்துறைமுகத்தில் யூனிகோர்ன் என்னும் பிரித்தானியக் கப்பல் தங்கியிருந்தது. பழுதுற்ற விமானங்களைச் செப்பனிடுதற்கெனத் தொழிற்கூடங்களுடன் அமைக்கப்பட்ட விமானந்தாங்கி அது. ஆகவே, வீழ்ந்த விமானத்தை மீண்டும் எழச் செய்யும் கலை இக்குடாவுக்குப் புதியதன்று. இன்று அக்கலையை இளைஞர் சிலர் வீட்டு மேசைமீது பயில்கின்றனர். வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி உலங்கு வானூர்தி, அதாவது சிறு ஹெலிகொப்டர், அவர்தம் பொழுதுபோக்காகும். அது வீழும்போது நிகழ்வன யாவை, அதனை எங்ஙனம் செப்பனிடல் வேண்டும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

மாதிரியை விளையாட்டுப் பொருளென்று மட்டும் கருதுதல் தவறு. ஆதர் யங் என்னும் அமெரிக்கர் 1928ஆம் ஆண்டிலே சிறு மாதிரிகளைக் கொண்டு தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பென்சில்வேனியாவிற் பழைய களஞ்சியமொன்றே அவரது ஆய்வுகூடம். மாதிரிகள் வீழ்ந்தன, முறிந்தன, மீண்டும் கட்டப்பட்டன. ஒவ்வொரு வீழ்ச்சியும் ஒரு குறையைப் புலப்படுத்திற்று. 1941இல் அவர் தம் மாதிரியைப் பெல் நிறுவனத்தாருக்குப் பறக்கவிட்டுக் காட்டினார். அதன் வழிவந்த பெல் 47 என்னும் உலங்கு வானூர்தி, 1946 மார்ச் 8ஆந் திகதி, பொதுமக்கள் பாவனைக்கான சான்றிதழைப் பெற்றது. அவ்வகையில் முதன்முதற் சான்றிதழ் பெற்றது அதுவே. 1971இல் நம் நாட்டு விமானப்படையும் அவ்வினத்தனவற்றைப் பெற்றது. வானொலியால் இயங்கும் மாதிரியைச் செவ்வையாகப் பறக்கச் செய்தவருள் முன்னோடி யேர்மனியரான டீற்றர் சுலூற்றர் என்பார். 1970இல் அவரது மாதிரி 11 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் பறந்தது.

இனி, இச்சிறு பொருளில் அடங்கியுள்ள ஆற்றலை நோக்குவாம். நடுத்தர மாதிரியொன்றின் இறக்கைவட்டம் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் விட்டமுடையது. அது நிமிடத்துக்கு 2,500 முறை சுழலுமாயின், இறக்கை நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றராகும். 30 கிராம் நிறையுள்ள இறக்கையின் ஈர்ப்பு மையம் நடுத்தண்டிலிருந்து 19 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பின், அதனை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாகும். ஓர் இறக்கையில் ஒரு கிராம் நிறை மிகுந்தாலும், ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் நடுத்தண்டைச் செக்கனுக்கு நாற்பது தடவைக்கு மேல் அலைக்கும். 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரப் பூங்காவொன்றிலே 19 வயது இளைஞரொருவர் தாம் பறக்கவிட்ட மாதிரியின் இறக்கையால் தாக்குண்டு உயிரிழந்தார்.

மாதிரி வீழும்போது நிலத்தை முதலில் தொடுவது பெரும்பாலும் இறக்கை நுனியே. நுனி மண்ணில் மோதச் சுழற்சி தடைப்படுகின்றது, மோட்டாரோ நிற்பதில்லை. இறக்கைகளை இணைக்கும் இரும்புத் தண்டு வளைகின்றது. அடுத்து நடுத்தண்டு வளைகின்றது. மோட்டார் தொடர்ந்து திருகுவதாற் பிளாஸ்ரிக் பற்சில்லின் பற்கள் உதிர்கின்றன. நிலைதவறிய மற்றை இறக்கை, வாற்குழாயை வெட்டுகின்றது. இறக்கையின் சாய்வை மாற்றும் சேர்வோ மோட்டார்களின் நுண்பற்களும் முறிதல் உண்டு. எனவே, வீழ்ச்சி தவிர்க்க முடியாததெனக் கண்ட அக்கணமே மோட்டாரை நிறுத்தும் ஆளியைத் தட்டுதல் வேண்டும். அச்செயல் ஒன்றே சேதத்திற் பெரும்பகுதியைத் தவிர்க்கும்.

முறிந்தது கண்ணுக்குத் தெரியும். அதனை மாற்றுதல் எளிது. முறியாதது போலத் தோன்றுவதே ஆபத்தானது. இதனை யான் என் பிழையாற் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவனொருவன் தன் மாதிரியைச் செப்பனிட்டு என்னிடம் கொணர்ந்தான். இறக்கையின் அடிப்பகுதியில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று இருந்தது. புதிய இறக்கை வாங்க அவனிடம் பணமில்லை. பசையிட்டு நூல் சுற்றினாற் போதுமென்று யானே கூறினேன். உரிய அனுமதியுடன் மைதானத்திற் பறக்கவிட்டபோது, ஒரு நிமிடத்துள் அவ்விறக்கை கழன்று, நின்ற மாணவர் தலைக்கு மேலாகச் சென்று மதிலில் மோதிற்று. எவருக்கும் ஊறு நேரவில்லை. அவன் தன் மாதிரியை இழந்தமைக்கு வருந்தினான். யானோ அன்றிரவு உறங்கவில்லை. நாற்பது கிலோகிராம் பாரத்தை நூலிலே தொங்கவிட்டு, அதன்கீழ்ப் பிள்ளைகளை நிறுத்துவார் உளரோ? யான் செய்தது அதுவே.

ஆதலாற் செப்பனிடுவோர் ஒழுகவேண்டிய முறை வருமாறு: முதலிற் பற்றரியைக் கழற்றுக. லிதியம் பற்றரி வீங்கியிருப்பினும் நசுங்கியிருப்பினும் மீண்டும் மின்னேற்றாது, தீப்பற்றும் பொருள்களுக்கு அப்பால் வெளியிலே வைத்தல் வேண்டும். அடுத்து, தண்டுகளைத் தனித்தனியே கழற்றித் தட்டையான கண்ணாடித் தகட்டின்மீது உருட்டிப் பார்க்கவேண்டும். தண்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒளி தோன்றி மறையின் அது வளைந்தது; வளைந்ததை நிமிர்த்த முயலாது மாற்றுக. பற்சில்லைக் கையாற் சுற்றி ஒவ்வொரு பல்லையும் நோக்குக. வெடித்த இறக்கையை ஒட்டாது இரண்டாக வெட்டி எறிக. முழுதாக இருப்பின் ஒருநாள் ஆசை அதனை மீண்டும் பூட்டச் செய்யும். புதிய இறக்கைகளைத் துலாக்கோல் போலத் தொங்கவிட்டு, இலேசானதன் நுனியில் ஒட்டுநாடா சுற்றிச் சமன்செய்க. நம் கடற்கரையில் வீழ்ந்த மாதிரிக்கு இன்னுமொரு பகையுண்டு. உப்பும் நுண்மணலும் பெயாரிங்குகளுட் புகுந்து சில நாளில் அவற்றை அரித்துவிடும். அவற்றைக் கையாற் சுற்றிக் கரகரப்புத் தோன்றின் மாற்றிவிடுதலே நன்று.

இவையனைத்தும் செய்த பின்னரும் ஒரு வினா எஞ்சும்: மாதிரி ஏன் வீழ்ந்தது? முகப்பு நம்மை நோக்கித் திரும்பியபோது இடவலம் மயங்கியதாலா? திருகாணியொன்று அதிர்வாற் கழன்றதாலா? பற்றரியின் மின் குறைந்ததாலா? முதலாவதாயின் பழுது மாதிரியில் இல்லை, பயிற்சியில் உள்ளது. ஏனையவாயின், காரணத்தை நீக்காது உறுப்பை மாற்றுவது அடுத்த வீழ்ச்சிக்கு விலைகொடுப்பதேயாகும். நோயை ஆராய்ந்து, அதன் மூலத்தை ஆராய்ந்து, பின்னரே மருத்துவம் செய்க என்னும் வள்ளுவர் அறிவுரை இவ்விடத்துக்கும் பொருந்தும்.

பறக்கவிடும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். கடற்படைத் தளமும் விமானத்தளமும் அருகருகே அமைந்த நகரம் நம்முடையது. உரியோர் அனுமதியின்றி ஈண்டு எதனையும் வானிற் செலுத்துதல் தகாது.

அன்று என் சொல்லை நம்பிய மாணவன், பின்னர்ப் பணம் சேர்த்துப் புதிய இறக்கைகள் வாங்கினான். அவற்றைப் பூட்டுமுன் தண்டைக் கண்ணாடிமீது உருட்டி, ஒளி தெரிகின்றதா என்று பார்க்குமாறு என்னை அழைத்தான். யான் குனிந்து பார்த்தேன், ஒளி தெரியவில்லை. ஆயினும் அவன் மீண்டும் ஒருமுறை உருட்டினான். ஆசிரியன் சொல்லினும் கண்ணாடியின் சான்றே பெரிதென அவன் கொண்டமை எனக்கு உவகையே தந்தது.