பேட்டியில் ஒரு பழுது

வெளி மாநிலங்களுக்குத் தொழில் நாடி வந்துள்ள நம் இளைஞர் பலருக்குக் கைத்திறனில் குறைவில்லை. பேட்டி அறையில்தான் நாத் தடுமாறுகிறது. “மோட்டார் ஓடவில்லை, என்ன செய்வீர்கள்?” என்று கேட்ட மாத்திரத்தில், “பியூஸ் போயிருக்கும்” என்று கூறி அமைந்துவிடுகின்றனர். அவ்விடை சரியாகவே இருக்கலாம். ஆயினும், எவ்வழியே அம்முடிவுக்கு வந்தீர்கள் என்பதையே தேர்வாளர் அறிய விரும்புகிறார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மூன்று பேஸ் மோட்டார் ஒன்று உறுமுகிறது, சுழலவில்லை. “உடனே மின்சாரத்தை நிறுத்துவேன்” என்பதே முதல் விடை. சுழலாது நிற்கும் மோட்டார், முழுச் சுமையில் ஓடும்போது இழுப்பதைப்போல 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; விரைவில் வைண்டிங் கருகும். இக்காரணத்தையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

அடுத்து, “இதற்குமுன் நன்றாக ஓடிற்றா? அண்மையில் எதையேனும் மாற்றினார்களா?” என வினவுங்கள். வினவுதல் அறியாமையன்று, மருத்துவரும் நாடி பார்க்குமுன் நோயாளியைக் கேட்கிறார் அல்லவா?

பின்னர் எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுக. ஸ்டார்ட்டரை இயக்காமல், பியூஸ்களுக்கு அப்பால் எந்த இரு கம்பிகளுக்கிடையிலும் சுமார் 415 வோல்ட் உள்ளதா எனக் காண்க. ஒரு பேஸ் அற்றிருப்பின் மோட்டார் உறுமுமேயன்றிப் புறப்படாது. அது சரியாயின், மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டி, மின்சாரம் அறவே இல்லையென உறுதி செய்துகொண்டு, ஸ்டார்ட்டரின் காண்டாக்டுகளைப் பார்க்க. தண்டைக் கையால் சுழற்றுக. இறுகியிருந்தால் பேரிங்கோ, மோட்டார் ஓட்டும் இயந்திரமோ சிக்கியிருக்கலாம். இறுதியாக, மூன்று வைண்டிங்குகளின் தடையை ஒப்பிட்டு, மெக்கரால் இன்சுலேஷனைச் சோதிக்க.

பியூஸை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. அது ஏன் போயிற்று? மோட்டார் ஓடியபின் மூன்று கம்பிகளிலும் மின்னோட்டம் ஒத்திருக்கிறதா? இவற்றையும் கூறுபவரைத் தேர்வாளர் எளிதில் மறவார்.

தெரியாத கேள்வி வரின், “அறியேன், ஆனால் இவ்வாறு சோதித்து அறிவேன்” என்று சொல்லுங்கள். ஊகத்தை உண்மைபோல் உரைப்பவரிடம் இயந்திரத்தை ஒப்படைக்க எவரும் துணியார்.

பிறமொழியில் பேசவேண்டுமே என்ற அச்சமும் வேண்டா. பியூஸ், ஸ்டார்ட்டர், பேரிங், மெக்கர் என்னும் பெயர்கள் நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றே. இந்தியில் ‘பஹ்லே’ என்றால் முதலில், ‘பிர்’ என்றால் பிறகு, ‘க்யோங்கி’ என்றால் ஏனெனில். இம்மூன்றையும் கொண்டு முறையைக் கோத்துவிடலாம். நேற்றுச் செப்பனிட்ட ஒரு பழுதை இன்றிரவு வீட்டாரிடம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். கை அறிந்ததை நாவும் அறிந்துகொள்ளும்.